மண்ணுக்குள் போகும் பணம்

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய மலைப்பாதை, கேமரன் மலையில் முதன்முதலாகத் தொடும் ஊர் ரிங்லெட். ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த இவ்வூரைச் சுற்றித் தேயிலையும் காய்கறியும் விளைகின்றன. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட காலம் முதல் இம்மலைச் சரிவுகளை வெட்டிப் படியமைத்துப் பயிராக்கிய கைகளுள் தமிழர் கைகள் பல. 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கமும் இங்கேதான் உள்ளது. மலை மண் எத்துணை எளிதில் கரையக் கூடியது என்பதற்கு அத்தேக்கத்தில் ஆண்டுதோறும் வந்து படியும் வண்டலே போதிய சான்று.

இத்தகைய நிலத்தில் சமதளம் என்பது இயற்கையாகக் கிடைப்பதன்று, மனிதன் உண்டாக்குவது. சரிவின் மேற்புறத்தை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்புறத்தில் கொட்டிப் பரப்பினால் ஓர் எளிய மேடை கிடைத்துவிடும். கண்ணுக்கு அஃது ஒரே தளம். கட்டடத்திற்கோ இரண்டு நிலம். வெட்டப்பட்ட பாதி பல்லாயிரம் ஆண்டுகள் அழுந்திக் கிடந்த மண். கொட்டப்பட்ட பாதி நேற்று வந்த மண். மழை பெய்யப் பெய்யப் பின்னது அமிழும், முன்னது அசையாது. நடுச்சுவரில் கூரை முதல் தரை வரை சாய்வாக ஓடும் வெடிப்பு அப்படித் தோன்றுவதேயன்றிக் கொத்தனாரின் கைக்குற்றத்தால் அன்று. பூசி மறைத்தாலும் அடுத்த மழைக்காலத்தில் அது மீண்டும் திறந்துகொள்ளும்.

அரசின் பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில், கட்டடச் செலவின் ஒரு பகுதியைப் பள்ளி வாரியத்தாரும் பெற்றோரும் திரட்டுதல் நீண்ட நாள் வழக்கம். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் எத்துணை பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்பதே கட்டடக் குழுக்கூட்டங்களில் மிகவும் கசப்பாகப் பேசப்படும் பொருள். வகுப்பறைக்கு நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம். நாற்காலிக்கும் மின்விசிறிக்கும் கூடப் பொறிக்கலாம். பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் ஊன்றுதூணுக்கு யார் பெயரைப் பொறிப்பது? கட்டடத் துறையார் ‘பைல்’ என்று வழங்கும் அத்தூணைத் திறப்புவிழாவிற்கு வருவோர் எவரும் காணப் போவதில்லை. ஆகவே சிக்கனம் என்ற கத்தி முதலில் அங்கேதான் பாய்கிறது.

அடித்தளச் செலவு ஏன் முன்கூட்டியே உறுதியாகத் தெரிவதில்லை? சுவருக்கு எத்தனை செங்கல் என்று வரைபடத்தைப் பார்த்துக் கணக்கிடலாம். மண்ணுக்கோ வரைபடம் கிடையாது. துளையிட்டுத்தான் அறிய வேண்டும். மலேசியாவில் வழக்கிலுள்ள மெக்கிந்தோஷ் சோதனை எளியது: 5 கிலோ சம்மட்டியை 280 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, கம்பி ஓரடி இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணுவர். செலவு குறைவு, ஆழமும் குறைவு. கேமரன் மலை பெரும்பாலும் கருங்கல் மலை. அக்கல் உளுத்து மண்ணாகும்போது இடையிடையே உளுக்காத உருண்டைப் பாறைகள் தங்கிவிடுகின்றன. கம்பி அவற்றில் ஒன்றைத் தொட்டுவிட்டால், அடிப்பாறையைக் கண்டுவிட்டோம் என்று குழு மகிழும். அப்பாறைக்குக் கீழே மீண்டும் மென்மண்! ஆழ்துளையிட்டு ஆராய்ந்தாலன்றி இவ்வேமாற்றம் வெளிப்படாது. ‘துளையிடக் காசு எதற்கு, பக்கத்துக் கடைக்கு இதே மண்தானே’ என்று வாதிடுவோர் எல்லா ஊரிலும் உளர். மலையில் பக்கத்து மண் அதே மண்ணாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி ஒப்பந்தம். மொத்தத் தொகைக்கே குத்தகை விடுவது குழுவினருக்கு நிம்மதி தருவது போலத் தோன்றும். ஆனால் தெரியாத ஆழத்திற்கு ஒரே விலை கூறும் குத்தகையாளர் ஒன்று, அச்சத்திற்கும் சேர்த்து விலை வைப்பார். அல்லது குறைந்த விலையில் வேலையைப் பிடித்துக்கொண்டு, தூணை எங்கே நிறுத்தலாம் என்று பார்ப்பார். இதனாலேயே அடித்தளத்தை மட்டும் உத்தேச அளவாகக் குறித்து, ஒரு மீட்டருக்கு இன்ன விலை என்று உடன்பட்டு, வேலை முடிந்தபின் அளந்து பணம் தரும் முறை வந்தது. எடுத்துக்காட்டாக, 40 தூண்கள், ஒவ்வொன்றும் 9 மீட்டர், மீட்டருக்கு 120 ரிங்கிட் என்று கொள்ளலாம். மதிப்பீடு 43,200 ரிங்கிட். தூண்கள் 14 மீட்டர் வரை இறங்கினால் 67,200 ஆகும். 6 மீட்டரிலேயே நின்றால் 28,800 தான்.

இம்முறையிலும் ஒரு நுட்பமான சூழ்ச்சி உண்டு. ஒருவர் மொத்தம் 3,00,000 ரிங்கிட்டும் தூணுக்கு மீட்டர் விலை 120உம் குறிக்கிறார். மற்றவர் மொத்தம் 2,90,000 என்று குறைத்துக் கூறி, தூணுக்கு மட்டும் 200 என்று எழுதுகிறார். குழு இரண்டாமவரைத் தேர்ந்து பத்தாயிரம் மிச்சம் என்று கைதட்டும். தூண்கள் கூடுதலாக 200 மீட்டர் இறங்கிய அன்று முதலாமவர் கணக்கு 3,24,000. இரண்டாமவர் கணக்கு 3,30,000. மொத்தத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு விலையையும் பார்க்கத் தெரிந்த ஒருவராவது குழுவில் இருத்தல் வேண்டும். கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியரே போதும். பொறியாளர் பட்டம் தேவையில்லை.

எதிர்பாராத மண்ணுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு உலகெங்கும் உள்ளது. பன்னாட்டுப் பொறியாளர் கூட்டமைப்பு 1957இல் முதன்முதலாக வெளியிட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்திய ஒப்பந்த வாசகம், அனுபவமுள்ள குத்தகையாளரும் முன்னறிய இயலாத நிலத்தடைக்கு உரிமையாளர் ஈடு தர வேண்டும் என்கிறது. அதற்கு அவர் உடனே எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரங்களுக்கு முதலில் குறித்த இடத்தில் ஆராய்ந்தபோது, நிலத்தின் ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறையும் மறுபக்கம் மென்மண்ணுமாக இருக்கக் கண்டு, கோபுரங்களையே ஏறத்தாழ 60 மீட்டர் நகர்த்தினார்கள். தாளில் நகர்த்தியதால் தப்பியது. தெலுக் இந்தானில் 1885இல் எழுந்த மணிக்கூண்டு மென்மண்ணில் சாய்ந்து சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறது; பள்ளிக்கூடத்திற்கு அந்தப் பெருமை வேண்டாம்.

1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 உயிர்களைக் கொண்டுபோயிற்று. பின்புற மலைச்சரிவின் தடுப்புச் சுவர்கள் இடிந்து, மண் அடித்தளத்தைப் பக்கவாட்டில் தள்ளிற்று. பழைய தண்டவாளங்களால் ஆன அதன் ஊன்றுதூண்கள் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்க வல்லவை. பக்கத்திலிருந்து வரும் விசையைத் தாங்க வல்லவையல்ல. மலையடிவாரத்தில் கட்டடம் எழுப்புவோர் வடிகாலையும் தடுப்புச் சுவரையும் அடித்தளக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று. எனினும் பணம் போதாத குழுக்கள், ‘வடிகால் அடுத்த ஆண்டு’ என்று தீர்மானம் எழுதுகின்றன. அடுத்த ஆண்டு வருமுன் மழை வந்துவிடுகிறது.

நடைமுறையில் குழுவுக்கு வேண்டியவை சில. மண் மூடும் வேலை எதையும், பார்த்து அளந்து இருதரப்பும் ஒப்பமிடுமுன் மூடவிடலாகாது. மூடியபின் யாருக்கும் கண் இல்லை. கூடுதல் வேலை எதுவும் எழுத்தாணை இன்றித் தொடங்கலாகாது. பில்லில் வழக்கமாகப் பிடித்துவைக்கும் ஐந்து விழுக்காட்டை, குறைகாலம் முடியுமுன் இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுதலும் ஆகாது. இவற்றுள் கடைசிதான் கடினம். குத்தகையாளர் பெரும்பாலும் தெரிந்தவராகவோ உறவினராகவோ இருப்பார், தீபாவளியும் நெருங்கியிருக்கும்.

துளையாய்வு அறிக்கையும் தூண்களின் ஆழம் குறித்த பதிவேடும் கட்டடம் முடிந்ததும் பழைய தாள்களோடு எடைக்குப் போவது வழக்கம். இருபது ஆண்டுகள் கழித்து மேலே ஒரு மாடி எழுப்ப வரும் பொறியாளர் முதலில் கேட்பது அவற்றைத்தான். இல்லையென்றால் அவர் மீண்டும் துளையிடச் சொல்வார். அதற்குரிய பணத்தை அன்றைய வாரியத்தார் மறுபடியும் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டத் தொடங்க வேண்டும்.