48 வயதில் சைக்கிள் பழகிய கதை



போன கிழமை பாடசாலை வாசலில் ஒரு பிள்ளையின் உம்மா என்னை நிறுத்திக் கேட்டார். "டீச்சர், இந்த வயசில எப்பிடி சைக்கிள் பழகினீங்க? எனக்கும் ஆசதான். ஆனா வெக்கமா இரிக்கி." பெல் அடித்துவிட்டது. "பிறகு சொல்றன்" என்று ஓடிவிட்டேன். அவர் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசைப்பட்டு சைக்கிள் பழகவில்லை. பெற்றோல் இல்லாமல் பழகினேன்.

2022 நடுப்பகுதியை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அந்த விலை கொடுத்தாலும் இரவு பகலாக வரிசையில் நிற்க வேண்டும். பிறகு கியூ.ஆர். வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அது என் கணவரின் வேலைக்கே காணாது. நிந்தவூரிலிருந்து களியோடைப் பாலத்தைத் தாண்டித்தான் நான் பாடசாலைக்குப் போக வேண்டும். அவ்வளவு காலமும் அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போய் வந்தவள் நான். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஓட்டோக் கூலி கொடுத்தால் சம்பளத்தில் மிச்சமில்லை. வீட்டு முற்றத்தில் மகளின் சைக்கிள் சும்மா நின்றது.

"உம்மா, நீங்க ஓடப் பழகுங்களேன்" என்று மகள்தான் சொன்னாள். சிரித்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

சின்ன வயதில் ஏன் பழகவில்லை என்று கேட்பீர்கள். காக்காமார் வாப்பாவின் பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழால் காலை விட்டு, உடம்பை ஒரு பக்கம் வளைத்து ஓடிப் பழகினார்கள். நானும் இரண்டு பின்னேரம் அப்படி முயன்று பார்த்தேன். மூன்றாம் நாள் உம்மா கண்டுவிட்டார். எனக்கு அப்போது 12 வயது. "பெரிய புள்ளயாகப் போற நேரத்தில சைக்கிளா?" அத்தோடு முடிந்தது. பிறகு நாட்டுப் பிரச்சினை. பொழுதுபட்டால் ஆம்பிளைப் பிள்ளைகளே ரோட்டில் இல்லாத காலம். திரும்பக் கேட்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. உம்மாவில் நான் குறை சொல்லவில்லை. அவருடைய பயம் அவருக்கு.

சுபஹ் தொழுதுவிட்டு, வெளிச்சம் வருவதற்கு முன், கடற்கரைப் பக்கமிருக்கும் மைதானத்துக்குப் போனோம். அந்த நேரத்தைத் தெரிவு செய்தது நான்தான். ஒருவரும் காணக்கூடாது. மகளுக்கு அப்போது 15 வயது. சீற்றின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"உம்மா, விழுற பக்கத்துக்கு ஹேண்டிலைத் திருப்புங்க!"

"விழுற பக்கத்துக்கா? எதிர்ப்பக்கத்துக்குத்தானே திருப்பணும்?"

அவள் சொன்னதுதான் சரி. சைக்கிள் இடது பக்கம் சாய்ந்தால் இடது பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சில்லு சாய்கிற உடம்புக்குக் கீழே போய் நின்று தாங்கும். இதைப் பிறகு வாசித்து விளங்கிக்கொண்டேன். ஆனால் உடம்புக்கு விளங்கவில்லை. சாய்ந்தவுடன் கை தானாக மற்றப் பக்கம் இழுக்கும். விழுவேன். முதல் நாள் முழங்கால். மூன்றாம் நாள் இடது முழங்கை. அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது.

நான்காம் நாள் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. மைதானத்தின் நடுவில் நின்று கத்தினாள். "எத்தின தரம் உம்மா சொல்ற? இது லேசி. ஏன் உங்களுக்கு விளங்குதில்ல?"

நான் மணலில் அப்படியே இருந்துவிட்டேன். அவள் கத்தியதற்காக இல்லை. அந்தக் குரல் என்னுடையது. சொல்லும் என்னுடையது.

அந்த வருடம் என்னுடைய மூன்றாம் வகுப்பில் ஒரு மகன் இருந்தார். எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் 'க' என்பார், 'ட' என்பார், 'ல்' என்பார். சேர்த்து வாசியுங்க மனே என்றால் வாய் மூடிவிடும். 34 பிள்ளைகளுக்கு முன்னால் அவரை எழுப்பி, கரும்பலகைக்கு முன் நிறுத்தி, நான் கேட்ட கேள்வி அதேதான். எத்தனை தரம் சொல்றது? இது லேசி. ஏன் விளங்குதில்ல?

எனக்கும் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்திருந்தது. பெடல் எது, பிறேக் எது, ஹேண்டில் எப்படித் திரும்பும், எல்லாம் தெரியும். ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில், விழுகிற பயத்தோடு செய்ய வரவில்லை. எனக்கு அது லேசு இல்லை. லேசு என்று ஒருவர் சொன்னபோது இன்னும் பாரமாகிவிட்டது.

அதோடு இன்னொன்று. நான் விழுவதை ஒருவரும் காணக்கூடாது என்று சுபஹ் நேரத்தைத் தெரிவு செய்துகொண்டேன். அந்தப் பிள்ளைக்கு அப்படித் தெரிவு செய்ய ஒரு நேரமிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் எல்லோருக்கும் முன்னால்தான் அவரை நான் விழவைத்தேன்.

என்னை ஓடவைத்தவர் எங்கள் ஊரில் சைக்கிள் திருத்தும் வயதான ஒருவர். வளைந்த பெடலைச் சரிசெய்யக் கொண்டுபோனேன். யாருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. என் முழங்கையைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார். "டீச்சர், ரெண்டு பெடலையும் கழட்டித் தாறன். சீற்றையும் பதிச்சி விடுறன். ஒரு கிழமைக்குக் காலால தள்ளித் தள்ளிப் போங்க. மிதிக்கிறதப் பிறகு பாப்பம்" என்றார். இடது பெடலின் புரி மற்றப் பக்கம் சுற்றினால்தான் கழரும் என்பதையும் அன்றுதான் கண்டேன். கழற்றிக்கொண்டே அதைக் காட்டித் தந்தார்.

இரண்டு கால்களும் நிலத்தில் முட்டும்போது பயம் பாதியாகக் குறைந்தது. தள்ளினேன். இரண்டு நாளில் பாதத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். சைக்கிள் நின்றது. சாய்ந்தபோது கை தானாக அதே பக்கம் திரும்பியது. யாரும் சொல்லவில்லை. எட்டாம் நாள் பெடலைத் திரும்பப் பூட்டினோம். ஒன்பதாம் நாள் மைதானத்தை ஒரு சுற்று முழுதாகச் சுற்றினேன். மகளைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவள் ஒரு கல்லில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஓடியதை அவள் காணவில்லை. கடல் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தில் என் நிழல் மட்டும் பக்கத்தில் ஓடி வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னது நினைவிருக்கிறது.

அந்த மகனுக்கும் நான் பெடலைக் கழற்றிவிட்டேன். வாசிப்புப் புத்தகத்தை மூடி வைத்தேன். எழுப்பி நிறுத்துவதை விட்டேன். இடைவேளையில் ஐந்து நிமிடம், அவரும் நானும் மட்டும். முதலில் எழுத்தே இல்லை, வாயால் சொல்லும் சத்தம் மட்டும். பிறகு இரண்டு எழுத்துச் சொற்கள். 'கல்'. 'பல்'. 'கண்'. வருடம் முடியும்போது பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. விரலை வைத்துத் தட்டித்தடவி ஒரு பக்கம் வாசித்தார். ஆனால் வாய் மூடவில்லை.

இதோடு கதை முடிந்தால் எனக்கு நிம்மதி. முடியவில்லை.

கியூ.ஆர். பதிவு நடந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு ஒரு ஓட்டோக்கார மகன் வந்தார். நான் ஆசிரியர் வேலைக்கு வந்த புதிதில் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். போனை நீட்டினார். "டீச்சர், இத வாசிச்சி நிரப்பித் தாங்க." அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் என்று எல்லாவற்றையும் நான் நிரப்பிக் கொடுத்தேன். சந்தோசமாக ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு என்னில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது. அவரிடமும் நான் அந்த வார்த்தைகளைச் சொல்லியிருப்பேன். எத்தனை பேரிடம் சொன்னேன் என்று இப்போது எண்ண முடியாது. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். அவர்களும் மன்னிக்க வேண்டும்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். அந்த உம்மா கேட்டது அதைத்தானே.

நோவைப் பற்றி முதலில். முதல் இரண்டு கிழமையும் சீற்றில் இருந்த இடம் நோகும். பாடசாலையில் கதிரையில் இருக்கவே யோசித்தேன். அது தானாகக் குறைந்துவிடும், பயப்படாதீர்கள். முழங்கால் நோவு வேறு. எனக்கு ஒரு மாதம் இருந்தது. பழகுவதற்காகப் பதித்த சீற்றை நான் திரும்ப உயர்த்தவில்லை. அதுதான் காரணம். பெடல் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நிமிர வேண்டும், கொஞ்சம் மட்டும் மடிந்திருக்க வேண்டும். உயர்த்தினேன், நோவு போனது. பழகும்போது பதியுங்கள், பழகியபின் உயர்த்துங்கள். டயரில் காற்றுக் குறைந்தால் கால் இரட்டிப்பு வேலை செய்யும். கிழமைக்கு ஒரு தடவை அமர்த்திப் பாருங்கள்.

அபாயா செயினில் பிடிபடும். ஒரு நாள் நடு ரோட்டில் பிடிபட்டு, பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடிக்க அடிக்க நின்றேன். செயினை முழுதாக மூடும் கவர் பூட்டுங்கள். பின்சில்லின் இரண்டு பக்கமும் வலை கட்டுங்கள். விலை குறைந்த வேலை, உயிரைக் காக்கும் வேலை.

பிறகு கச்சான். ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் பகல் திரும்பும்போது வயல் பக்கமிருந்து அடிக்கும் அந்தச் சுடுகாற்று, அபாயாவைப் பாய் மாதிரி விரித்து என்னைக் கடல் பக்கம் தள்ளும். பிரதான வீதியில் பஸ்ஸும் லொறியும் முந்தும் இடத்தில் இது விளையாட்டில்லை. காற்று கூடிய நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். இறங்குவதில் வெட்கமில்லை.

ஊர்க் கதையும் ஒரு காற்றுத்தான். "டீச்சருக்குச் சம்பளம் காணாதாமா?" என்று என் காதில் விழவே கேட்டார்கள். ஒரு உறவுக்காரர் என் கணவரிடம், "மனிசிய இப்பிடி ரோட்டில விட்டிரிக்கீங்களே" என்றாராம். யோசித்துப் பாருங்கள், எங்கள் ஊர்களில் எத்தனை டீச்சர்மார் ஸ்கூட்டியில் போகிறார்கள்! ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. சத்தம் போடுகிற வண்டிக்குக் கிடைக்கும் மரியாதை காலால் மிதிக்கிற வண்டிக்கு இல்லை. கணவர் அந்த ஆளுக்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இஷாவுக்குப் பிறகு பார்த்தால், முற்றத்தில் குந்தியிருந்து என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

இனி இன்பம். காலை ஆறரைக்குக் களியோடைப் பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் வயல். அறுவடைக் காலத்தில் புது வைக்கோலின் மணம். சூடு அடித்த வயலில் கொக்குக் கூட்டம். அவ்வளவு வருடமும் கணவரின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அந்தப் பாதையில் ஒரு புளியமரம் நிற்பதைக்கூடச் சைக்கிளில் போகும்போதுதான் கண்டேன். பால் கொண்டுபோகிறவர், வலை காய வைக்கிறவர், பேரப்பிள்ளையைக் கூட்டிப்போகும் மூத்தம்மா, எல்லோருக்கும் ஸலாம் சொல்லிப் போகலாம். சைக்கிளின் வேகம் ஸலாம் சொல்லி, பதில் கேட்கக்கூடிய வேகம்.

2023 செப்டெம்பரில் கியூ.ஆர். முறையை நிறுத்தினார்கள். பெற்றோல் தாராளமாகக் கிடைத்தது. "இனி ஏன் மிதிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். மாரி மழை காலத்தில் நான் மிதிப்பதில்லை. கணவரின் பின்னால்தான் போவேன். மற்றக் காலத்தில் கிழமைக்கு மூன்று நாளாவது சைக்கிள்தான். எனக்கு நன்றாக வராத ஒரு வேலையை ஒவ்வொரு நாளும் செய்துவிட்டு வகுப்புக்குள் போவது நல்லது என்று நினைக்கிறேன். இன்றைக்கும் சந்தியில் திரும்பும்போது கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு வகுப்புக்குள் போகும் நாளில் நான் பிள்ளைகளிடம் கத்துவதில்லை.

அந்த உம்மாவுக்கு என் பதில் இதுதான். வெட்கம் இருக்கட்டும். அதைத் துரத்த வேண்டாம். விழுந்தால் காண ஆளில்லாத ஒரு இடம், அவசரப்படுத்தாத ஒரு ஆள், பெடல் இல்லாத ஒரு கிழமை. இவ்வளவும் போதும்.

சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு மைதானத்துக்கு வாங்க. சைக்கிளை நான் கொண்டுவாறன். பெடலையும் கழட்டி வைக்கிறன். சீற்றை நான் பிடிக்கிறன், இன்ஷா அல்லாஹ். கத்தமாட்டன்.