பாலத்தின் மேல் பழி

உங்கள் வீட்டில் வயசான எஸ்.யூ.வி. இருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்கு.

திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போகும்போதெல்லாம் என் வண்டி தூக்கிப் போடும். பழியைக் காவிரிப் பாலத்தின் மேல் போட்டேன். 1976-ல் திறந்த பாலம், பாவம். 2022 கடைசியில் மூடி, இணைப்புகளையும் பேரிங்குகளையும் மாற்றி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அப்புறமும் தூக்கிப் போட்டது. ஸ்டீயரிங் வேறு அம்மிக்கல்லாய்க் கனத்தது.

''நான் ஒண்ணாம் நம்பர் பஸ்லயே போயிக்கறேம்ப்பா, இடுப்பு தாங்கலை'' என்றார் அம்மா.

ஓர் ஒர்க்‌ஷாப்பில் பவர் ஸ்டீயரிங் பம்ப்பையே மாற்றச் சொன்னார்கள். (விலையைக் கேட்டதும் எனக்கும் இடுப்பு வலித்தது.) பாலக்கரையில் ஒரு பெரியவர் முதலில் டயரில் காற்றைப் பார்த்தார். ''காத்து கூடுனா தூக்கிப் போடும், ஆனா ஸ்டீயரிங் லேசாயிடும். கொறைஞ்சா ஸ்டீயரிங் கனக்கும், வண்டி மெத்துனு போகும். ரெண்டும் சேர்ந்து வந்தா காத்து இல்ல சார். திருப்பத்துல ஸ்டீயரிங் தானா நேராகுதா?''

இல்லை. சித்திரை வீதி முனையில் நான்தான் இழுத்து நேராக்குவேன்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, டை ராடைக் கழற்றிவிட்டு, முன் சக்கரத்தைக் கையால் திருப்பினார். அப்போதும் இறுக்கம். ஆக, பம்ப் நிரபராதி! ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், துருப்பிடித்துக் கிடந்தது பால் ஜாயின்ட். பக்கத்திலேயே வெடித்த புஷ்கள். கிழிந்த உறையை நான் ஒரு நாளாவது குனிந்து பார்த்திருக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை அம்மா முன் சீட்டில் வந்தார். அக்கரை சேர்ந்ததும், ''பாலத்தை நல்லா பண்ணியிருக்காங்கப்பா'' என்றார்.