பிளந்த மரமும் கட்டிய மரமும்

நாஞ்சில் நாட்டில் பிறந்தவனுக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோற்போரின் மேல் படிந்திருக்கும் ஈரம். ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் உடைத்துப் போடுவது. நமக்குத் தெரிந்த குளிர் இவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊர்க்காரன் பனிச்சறுக்கைப் பற்றி எழுதப் புகுவது கொஞ்சம் அதிகப்படி என்று தோன்றலாம். ஆனால் என் அக்காள் மகன் ஸ்விட்ஸர்லாந்தில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இந்தப் பித்து பிடித்திருக்கிறது. ஆகவே எனக்கும் சம்பந்தம் உண்டாகிவிட்டது.

பனிச்சறுக்கில் இரண்டு ரகம் உண்டு. கம்பியில் தொங்கும் நாற்காலியில் ஏறிப் போய், இயந்திரம் கொண்டு சமன்செய்த சரிவில், காவற்காரர்கள் கண்பார்வையில் இறங்கி வருவது ஒன்று. பெண்களும் குழந்தைகளும் அதில் உற்சாகமாக ஈடுபடுகிறார்கள். என் மருமான் ஈடுபட்டிருப்பது மற்றது. ஆள் நடமாட்டமில்லாத மலையில் தன் காலாலேயே மணிக்கணக்கில் ஏறி, ஒருவரும் மிதித்திராத பனியில் இறங்குவது. அங்கே கொடியும் இல்லை, காவலும் இல்லை.

'ஸ்கீ' என்பது நார்வேக்காரர்களின் பழைய சொல். பிளந்த மரம் என்று அர்த்தமாம். அதைக் கேட்டதும் எனக்கு நம் கடற்கரை ஞாபகம் வந்தது. அவர்கள் மரத்தைப் பிளந்து பனியின் மேல் போனார்கள். நம்மவர்கள் மரத்தைக் கட்டித் தண்ணீரின் மேல் போனார்கள். நம் கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆகி, 1697இல் அச்சான வில்லியம் டாம்பியரின் பிரயாண நூலிலேயே இடம் பிடித்துக்கொண்டது.

மருமானின் சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை ஏறும்போது பலகையின் அடியில் ஒரு தோலை ஒட்டுகிறார்கள். முற்காலத்தில் அது சீல் என்னும் கடற்பிராணியின் தோல். இப்போது ஆட்டு ரோமமோ நைலானோ. ரோமம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதால் முன்னால் வழுக்கும், பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். பூனையை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் விளங்கும்.

பனிச்சரிவுக்காக அவர்கள் கொண்டுபோகும் சாமான்கள் மூன்று. மார்போடு கட்டிக்கொள்ளும் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி. மடக்கி வைத்து நீட்டிக்கொள்ளும் ஒரு நீளக் கம்பி. கழற்றி மாட்டக்கூடிய ஒரு ஷவல். மலைச்சரிவில் பனி பாளமாகப் பெயர்ந்து வந்து ஒருவனை மூடிவிட்டால், அவன் மார்பிலுள்ள பெட்டி ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் தங்கள் பெட்டிகளைக் கேட்கும் பக்கம் திருப்பி, சமிக்ஞை வலுக்கும் திசையில் ஓடி, கம்பியால் குத்திப் பார்த்து, ஷவலால் தோண்டவேண்டும். இந்தப் பெட்டியை 1968இல் அமெரிக்காவில் ஜான் லாட்டன் என்பவர் உருவாக்கி, நார்வே நாட்டுப் புராண தேவதை ஒருத்தியின் பெயரால் 'ஸ்காடி' என்று அழைத்தார். அதற்கு முன்னெல்லாம் இடுப்பில் நீளமான சிவப்புக் கயிற்றைக் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்களாம். ஆள் புதைந்தாலும் கயிற்றின் நுனியாவது மேலே தெரியாதா என்ற நம்பிக்கை.

இதெல்லாம் நிமிஷக் கணக்கு. முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். அரை மணியைத் தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. அடிவாரத்திலிருந்து ஹெலிகாப்டர் வரட்டும் என்று காத்திருக்க முடியாது. பக்கத்தில் நிற்கிறவன்தான் கதி.

நம் தேசத்திலும் இது புதிதல்ல. காஷ்மீரத்தில் குல்மார்க்கில் 1948இலேயே நம் ராணுவம் பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கிவிட்டது. அதே குல்மார்க்கின் அபர்வாத் மலையில் 2023ஆம் வருஷம் பிப்ரவரி 1ஆம் தேதி பனிச்சரிவு விழுந்து போலந்து நாட்டுக்காரர்கள் இருவர் இறந்தார்கள். உடன் சிக்கிக்கொண்ட 21 பேர் மீட்கப்பட்டார்கள்.

அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த நாளிலிருந்து என் அக்காளுக்குத் தூக்கமில்லை. பையன் லீவில் நாகர்கோவிலுக்கு வந்தபோது என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, நீ சொன்னா கேப்பான். இந்த எழவை விட்டுடச் சொல்லு" என்றாள்.

இம்மாதிரிக் காரியங்களை வீட்டுக் கூடத்தில் வைத்துப் பேசினால் பிரசங்கமாகிவிடும். நான் அவனை முட்டத்துக்கு அழைத்துப் போனேன். செம்மண் மேடு, கடலுக்குள் முழங்காலிட்டு நிற்கும் பாறைகள், மேலே வெள்ளைக்காரன் காலத்துக் கலங்கரை விளக்கம். சினிமாக்காரர்கள் விரும்பிப் படமெடுத்த ஊர். இப்போது துறைமுகம் வந்துவிட்டது; ஃபைபர் வள்ளங்களும் எஞ்சின்களும் பெருகிவிட்டன. கட்டுமரம் அபூர்வமாகிவிட்டது. மணலில் அமர்ந்து வலைக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்தோம்.

கட்டுமரத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. எடையற்ற மென்மரத் தடிகளைச் செதுக்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். உள்ளே தண்ணீர் புகுந்துவிடுமே என்ற பயம் கிடையாது. உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே! குப்புறக் கவிழ்ந்தாலும் மிதக்கும். பிடித்துக்கொண்டு புரட்டிப் போடலாம். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து உலர்த்துவார்கள்.

பருத்த மரம் கிடைப்பது அருமையாகி விலையும் ஏறியபோது, 1980களில் இதே முட்டத்தில் படகு கட்டும் கூடம் ஒன்று ஏற்பட்டது. பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே என்ற பொறியியலாளர், நம் கரையின் அலையைத் தாங்கும் ப்ளைவுட் படகுகளை இங்கே மீனவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். பனிமலை தேசங்களில் பலகையும் தோலும் மாறினமாதிரி இங்கே மரமும் கயிறும் மாறின.

மருமான் தன் மலைக்கதையைச் சொன்னான். பெரியவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அங்கெ மீனு உண்டுமா?" என்றார்.

"இல்லை, பாட்டா."

"பின்னெ எதுக்கு மக்களே போறிய?"

இந்தக் கேள்விக்கு அவன் சிரித்தானே தவிர பதில் சொல்லவில்லை. பேச்சை மாற்ற, "கடலுக்குப் போகையில் லைஃப் ஜாக்கெட் போடுவீங்களா?" என்று கேட்டான்.

"கவர்மென்டுல தந்தாவ. வீட்டுல கெடக்கு. அதையும் மாட்டிக்கிட்டு வலை வலிக்க முடியாது, கேட்டியளா. போட்டா மிதப்பான், செரி. மிதந்து கெடக்கவனத் தேடி வாறதுக்கு ஒருத்தன் வேணும்லா?"

பெரியவர் பேச்சின் முதற்பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜாக்கெட் வீட்டில் கிடந்தால் வீட்டைத்தான் காப்பாற்றும். ஆனால் பிற்பாதி என்னைப் பிடித்துக்கொண்டது. மருமானின் மூன்று சாமான்களை மறுபடி நினைத்துப் பாருங்கள். தன் ஷவலால் எவனாவது தன்னைத் தோண்டி எடுத்துக்கொள்ள முடியுமா? பணம் கொடுத்து வாங்கி முதுகில் சுமந்து போவதெல்லாம் அடுத்தவன் உயிருக்காக. தன் உயிர் இருப்பது அடுத்தவன் முதுகில்.

இதை நம் கடற்கரை மிகக் கொடூரமான முறையில் கண்டது. 2017ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி குமரிக் கடலில் ஒக்கி புயலாக வலுத்தபோது, ஆழ்கடலுக்குப் போன படகுகள் கரையை விட்டுப் பல நாள் பிரயாண தூரத்தில் இருந்தன. எச்சரிக்கை வந்தது, கரையில் இருந்தவர்களுக்குத்தான் வந்தது. கரையின் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கும் அதிகமானோர் திரும்பி வரவில்லை. கப்பல்களும் விமானங்களும் தேடின. அது போதாதென்று மீனவர்களே தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். உத்தரவுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

இஸ்ரோ தயாரித்த ஆபத்து அறிவிப்புக் கருவி ஒன்று 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு நிலையத்துக்குச் செய்தி போகும். ஆனால் போய்ச் சேர்ந்ததா என்று கடலில் தத்தளிப்பவனுக்குத் தெரியாது. 2024இல் வந்த புதிய கருவியில், கேட்டுவிட்டோம் என்ற பதில் திரும்பி வருகிறது. நடுக்கடலில் கிடப்பவனுக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு பெரிய பலம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வித்தியாசத்தையும் மறைக்கக்கூடாது. மலைக்குப் போகிறவர்களிடையே ஒரு நல்ல வழக்கம் உண்டு. கூட்டத்தில் யாராவது ஒருவன், இளையவனானாலும் சரி, 'இன்று வேண்டாம்' என்று சொன்னால் எல்லாரும் திரும்பிவிட வேண்டும். மூன்று மணி நேரம் ஏறிய மலையை விட்டு இறங்குவது கஷ்டம்தான். ஆனாலும் இழப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலில் போகிறவனுக்கு டீசல் கடன் இருக்கிறது, ஐஸுக்குக் கொடுத்த காசு இருக்கிறது, வீட்டில் உலை இருக்கிறது. திரும்பி வருவதும் ஒரு வசதிதான். அந்த வசதி எல்லாருக்கும் வாய்த்துவிடவில்லை. மருமானிடம் இதைச் சொன்னேன். அவன் நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மலையை விட்டுவிடு என்று நான் அவனிடம் சொல்லவில்லை. யாரோடு போகிறாய் என்று மட்டும் கேட்டேன். "மூணு பேரு, மாமா. அஞ்சு வருஷமா ஒண்ணாப் போறோம். ஒவ்வொரு குளிர் காலமும் தொடங்கும்போது பெட்டியைப் பனியில் புதைச்சுத் தேடிப் பழகுவோம். போன தடவை நாலு நிமிஷத்துல எடுத்தோம்" என்றான்.

அக்காளிடம் போய் இதை விவரமாகச் சொன்னேன். நாலு நிமிஷமும் பெட்டியும் கம்பியும் அவளுக்கு ஒரு சமாதானத்தையும் அளிக்கவில்லை. கடைசியில், "மலையை விட்டு இறங்கியதும் உனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லியிருக்கேன்" என்றேன்.

"அத முதல்ல சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.