தாளித்த சுண்ணாம்பு

போன மார்கழியில் பேனா ஒன்று புத்தக அலமாரிக்குப் பின்னால் விழுந்துவிட்டது. எடுக்கலாமென்று அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு விரல் அளவு நகர்த்தினேன். பின்பலகை அப்படியே கையோடு வந்தது. உள்ளே தமிழ் அகராதியில் ‘க’ முதல் ‘ச’ வரை கரையான் படித்து முடித்திருந்தது. அப்பாவின் பழைய தீபாவளி மலர்கள் இருந்த தட்டில் அட்டைகள் மட்டும் மிச்சம். நடுவில் ஈர மண்.

மருந்தடிக்கும் கம்பெனியிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். சுவரோரமாக அடிக்கு ஒன்று வீதம் தரையில் துளை போட்டு, மருந்தை ஊற்றி, வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிட்டு ஐந்து வருஷ உத்தரவாதச் சீட்டு கொடுத்தார்கள். நான்காம் மாதம் அடுத்த அறையின் நிலைப்படியில் மண்கோடு ஏறியது. தொலைபேசியில் கேட்டால், அந்த அறை உத்தரவாதத்தில் வராதாம். கரையானுக்கு அறைக்கணக்கு தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

எங்கள் தெருக்கோடியில் வெள்ளையடிக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். இப்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. கோயில் மதிலுக்கும் தென்னை மரத்துக்கும் காவியும் வெள்ளையும் பட்டை அடிப்பதோடு சரி. நிலைப்படியைக் காட்டக் கூப்பிட்டேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

“சுவரு வேர்க்குது தம்பி. வேர்க்கிற எடத்துக்குத்தான் அது வரும். யாரு இதுக்கு பிளாஸ்டிக் சட்டை போட்டது?”

போட்டது நான்தான். சிதம்பரத்தில் தாத்தா கட்டிய வீடு எங்களுடையது. செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய சுவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், நாமே செய்து பார்ப்போம் என்ற உற்சாகத்தில் நாலு லீவு நாள் உட்கார்ந்து, அறுபது எழுபது பொங்கலின் வெள்ளையை இரும்புத் தகட்டால் சுரண்டி எடுத்தேன். புட்டி இரண்டு கை, எமல்ஷன் இரண்டு கை. கழுவினாலும் போகாது, பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று டப்பாவில் போட்டிருந்தது. பழைய சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். நான் அந்த வாயை அடைத்துவிட்டேன். முதலில் பெயிண்ட் கொப்பளித்தது. பிறகு ராமபாணப் பூச்சி வந்தது. கடைசியாகக் கரையான்.

பிராயச்சித்தமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை பெயிண்டைச் சுரண்டினேன். கடையில் பாக்கெட் சுண்ணாம்பும் நைலான் பிரஷ்ஷும் வாங்கி நானே அடித்தேன். சுவர் வெளுத்ததைவிட என் தலை அதிகம் வெளுத்தது. மறுநாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மச்சானின் நீலச் சட்டை முதுகில் என் அறையின் பாதி ஒட்டிக்கொண்டு போனது.

பெரியவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “சுண்ணாம்பும் தப்பு, மட்டையும் தப்பு. நாளைக்குக் கெளம்பு.”

சிதம்பரத்திலிருந்து கடலோரம் போகும் பேருந்தில் முக்கால் மணி நேரம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாய் இருக்கும் இடம் புறம்போக்கு. ஒருகாலத்தில் இந்தத் தொழிலுக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை இருந்ததில்லை. புதுச்சேரிப் பக்கம் ஓர் ஆற்றுக்கே சுண்ணாம்பாறு என்று பெயர். சென்னையை ஒட்டிச் சுண்ணாம்பு கொளத்தூர் இருக்கிறது. பழைய ஊர்களில் சுண்ணாம்புக்காரத் தெரு இருக்கும். அங்கே இப்போது செல்போன் கடை இருக்கும்.

காளவாய் என்றதும் நான் பெரிய புகைபோக்கியை எதிர்பார்த்தேன். இருந்தது, மண்ணும் செங்கல்லும் வைத்து மார்பளவுக்கு எழுப்பிய ஒரு வட்டத் தொட்டி. அடியில் காற்றுக்கு ஒரு வாய். பக்கத்தில் கிளிஞ்சல் மலைபோலக் குவிந்து கிடந்தது. கழிமுகத்துச் சேற்றில் மூழ்கி அரித்து, கூடையில் அலசி எடுத்தது. கரி ஒரு அடுக்கு, கிளிஞ்சல் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிக் கொட்டி, அடியில் தீ வைத்துக் காற்று விடுகிறார்கள். கரி சீமைக்கருவேலம். அது ஊரைக் கெடுத்த மரம் என்று பேசுகிற நாம், அது எத்தனை அடுப்பை எரிக்கிறது என்று சேர்த்துச் சொல்வதில்லை. தொள்ளாயிரம் டிகிரியை ஒட்டி வெந்தால்தான் கிளிஞ்சல் சுண்ணாம்பாகும். அங்கே வெப்பமானி எதுவும் இல்லை. தீயின் நிறத்தைப் பார்த்தே சொல்கிறார்கள். எனக்கு எல்லா நிறமும் ஒன்றாகவே தெரிந்தது.

அந்தக் காளவாயைப் பார்த்துக்கொள்கிறவர் ஓர் அம்மா. அறுபதைத் தாண்டியவர். எங்கள் பெரியவரை அண்ணே என்கிறார். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். அவருடைய குதிகால் வெடிப்பில் ஒரு ரூபாய்க் காசைச் செருகி வைக்கலாம். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவித்தான் படுக்க வேண்டும் என்றார். இடது கண் மங்கல்.

“எட்டு வயசுல சுண்ணாம்பு தெறிச்சுது. தண்ணி பட்டா கொதிக்கும்னு பயந்து எண்ணெய ஊத்திட்டாங்க. டாக்டரு சொன்னாரு, அப்பவே கொடங்கொடமா தண்ணி ஊத்தியிருக்கணும்னு. யாருக்குத் தெரியும்?”

இப்போது காற்றுக்கு மோட்டார். அக்காவின் சிறுவயதில் கையால் சுற்றும் சக்கரம் இருந்திருக்கிறது. அவருடைய அம்மா இரவெல்லாம் சக்கரம் சுற்ற, இவர் பக்கத்தில் சாக்கில் படுத்துத் தூங்குவாராம். சக்கரச் சத்தம் நின்றால் தூக்கம் கலைந்துவிடும். அம்மா கண்ணயர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். எழுந்துபோய் உலுக்குவது இவர் வேலை. அப்புறம் கல்யாணமாகி இரண்டு காளவாய் தள்ளி வாழ்க்கைப்பட்டார். புருஷன் குடித்தே போனார். இதைச் சொல்லும்போது குரலில் எந்த மாற்றமும் இல்லை. சக்கரத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் இருந்தது.

வெந்து ஆறிய கிளிஞ்சலைக் கையில் கொடுத்தார். உருவம் மாறவில்லை; வரிகூட அழியவில்லை. ஆனால் கையில் கனமே இல்லை. “பாதிக் கனம் காத்துல போயிடும்” என்றார். பள்ளிக்கூட வேதியியல் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. சுத்தமான கிளிஞ்சல் நூறு கிலோ வெந்தால் 56 கிலோதான் மிஞ்சும். மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். அக்கா சொன்னதற்கு மேல் புத்தகத்தில் அதிகமில்லை.

பிறகு, “தாளிக்கிறதப் பாரு” என்றார்.

சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் விடுவதற்குத் தாளிப்பது என்று பெயர். குவியலில் ஒரு குடம் தண்ணீரைத் தெளித்துவிட்டு விலகி நின்றார்கள். முதலில் ஒன்றுமில்லை. எண்ணெய் காயக் காத்திருப்பதுபோல ஒரு நிமிஷம். அப்புறம் ஒரு கிளிஞ்சல் பொட்டென்று வெடித்தது. அடுத்தது, அதற்கடுத்தது. குவியல் முழுவதும் கடுகுபோலப் பொரிய ஆரம்பித்து, உஸ்ஸென்று ஆவி கிளம்பி, கண் முன்னாலேயே வரிவரியாக இருந்த கிளிஞ்சல்கள் உடைந்து மாவாகச் சரிந்தன. தாளிப்பது என்ற சொல்லைச் சமையலறையிலிருந்து இங்கே கொண்டுவந்தார்களா, இங்கிருந்து சமையலறைக்குப் போனதா என்று பெரியவரைக் கேட்டேன். “பசிக்குதா?” என்றார்.

சலிப்பது, மூட்டை கட்டுவது நடந்த நேரத்தில் நான் டீ குடிக்கப் போய்விட்டேன். டீக்கடையில்தான் விலைக்கணக்கு தெரிந்தது. எனக்குக் கோபம் வந்ததும் அங்கேதான்.

இந்தச் சுண்ணாம்பு இப்போது ஏழை வீட்டுச் சுவருக்குப் போவதில்லை. வெற்றிலைக்குக் கொஞ்சம், இறால் குட்டைக்குக் கொஞ்சம். மிச்சத்தை ஒரு வியாபாரி எடுத்துக்கொள்கிறார். அவர் தாளித்த மாவை வாங்குவதில்லை. சுட்ட கிளிஞ்சலாகவே எடை போட்டு எடுத்துப்போய்த் தன் கிடங்கில் தாளிக்கிறார். 56 கிலோ சுட்ட கிளிஞ்சல், தண்ணீரைக் குடித்து 74 கிலோ மாவாகிவிடும். அந்தப் பதினெட்டு கிலோ வெறும் தண்ணீர். அதையே குழைத்து டப்பாவில் அடைத்தால் இன்னும் தண்ணீர். மேலே ‘பாரம்பரியம்’ என்று அச்சடித்துப் பண்ணைவீடு கட்டுகிறவர்களுக்கு விற்றால், தண்ணீருக்கும் சுண்ணாம்பு விலை. சேற்றில் மூழ்கியவளுக்கும் கண்ணைக் கொடுத்தவளுக்கும் கிலோவுக்குச் சில ரூபாய். தண்ணீர் ஊற்றியவனுக்குக் கார். உழைப்பவன் கையில் ஒட்டாத காசு ஊற்றுகிறவன் கையில் மட்டும் எப்படித்தான் ஒட்டுகிறதோ. இப்படி இன்னும் நிறையப் பேசினேன். டீக்கடைக்காரர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

திரும்பி வந்து அக்காவிடம், நீங்களே தாளித்து விற்றால் என்ன என்று கேட்டேன்.

“எங்க வச்சு விக்க?” என்று கூரையில்லாத வானத்தைக் காட்டினார். சுட்ட கிளிஞ்சல் காத்திருக்காத சரக்கு. நாலு நாள் கடற்காற்றில் கிடந்தால் தானாகவே ஈரம் வாங்கி உதிர்ந்துவிடும். மழை பட்டாலோ மூட்டையே கொதித்துச் சாக்கு கருகும். தாளித்த மாவுக்கும் ஒழுகாத கொட்டகை வேண்டும். கொட்டகை போடப் பட்டா வேண்டும். “அந்த யாவாரிதான் எம் மக கல்யாணத்துக்கு முன்பணம் குடுத்தாரு தம்பி. சிமெண்டு வந்து எல்லாரும் விட்டுட்டுப் போனப்ப அவருதான் வண்டி அனுப்புனாரு. அவரும் இல்லேன்னா இத எப்பவோ மூடியிருப்போம்.”

என் பிரசங்கம் அத்தோடு நின்றது. கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சிமெண்ட் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. 1904-இல் சென்னையில், இந்தியாவில் முதன்முதலில் சிமெண்ட் செய்து பார்த்த ஆலைகளுள் ஒன்று மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது இதே கிளிஞ்சலைத்தான். அது நிலைக்கவில்லை. பின்னால் வந்த ஆலைகள் மலைச் சுண்ணாம்புக்கல்லை வெட்டிக்கொண்டு நிலைத்துவிட்டன.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பெரியவரைக் காணோம். கழியோரம் தாழம்புதருக்குள் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். தாழை, தண்டிலிருந்து மண்ணை நோக்கி விழுது விடும், ஆலமரம் மாதிரி. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடித்த விழுதாகப் பார்த்து, முழ நீளத்துக்கு ஐந்தாறு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் அவற்றை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டார். மறுநாள் வாசல் கல்லில் ஒரு முனையை வைத்துச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தார். வேகமாக அடித்தால் நார் அறுந்துவிடும்; மெதுவாக, திருப்பித் திருப்பி. சோறு மாதிரி இருந்த சதை கழன்று போக, வெள்ளை நார் பிரிந்து விரிந்தது. பழைய சீப்பால் வாரினார். மறுமுனை அப்படியே கைப்பிடி. அதுதான் மட்டை. ஆணி இல்லை, கட்டு இல்லை.

பன்றிமயிர் பிரஷ்ஷைச் சுண்ணாம்பு தின்றுவிடும். நைலானைத் தின்னாது, ஆனால் நைலான் தண்ணீரைப் பிடித்து வைக்காது, கொட்டிவிடும். என் தலை வெளுத்தது அதனால்தான். தாழை நார் சுண்ணாம்புப் பாலைக் குடித்துக்கொண்டு சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அடிக்க அடிக்க நார் மென்மையாகி, மூன்றாம் நாள்தான் மட்டை பழகும் என்றார். புதிய மட்டையைக் கொல்லைச் சுவரில் பழக்கிவிட்டுத்தான் கூடத்துக்குள் கொண்டுவருவாராம். அவருடைய பழைய மட்டை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நார் தேய்ந்து தேய்ந்து சாண் அளவில் நின்றது. கைப்பிடியில் அவர் நாலு விரலும் பதிந்த பள்ளம். என் விரல்கள் அதில் சரியாக உட்காரவில்லை.

அடிப்பது எனக்குச் சொல்லித்தந்தார். முதல் நாள் இரவே சுண்ணாம்பைக் கரைத்து வைத்து, காலையில் வேட்டித் துணியில் வடிகட்டினோம். வடித்த கஞ்சி ஒரு செம்பு, உப்பு ஒரு கை, துளி நீலம். “இதுக்கு நீலம் வேண்டாம், தானே வெள்ள. ஆனா சனங்களுக்கு நீலம் தெரிஞ்சாத்தான் வெள்ளைன்னு தோணும்.” சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே முதல் கை. நான் முன்பு காய்ந்த சுவரில் அடித்திருந்தேன். சுவர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மாவை வெளியே விட்டுவிட்டது. பால் பதத்தில் மெல்லிசாக மூன்று கை. அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, கண்ணாடி மாதிரி இருக்கும். கெட்டியாக அடிக்கக் கை துடிக்கும், அடிக்கக் கூடாது. காயக் காயத்தான் வெள்ளை எழுந்து வரும். காற்றில் இருக்கும் அதே கரியமில வாயுவை வாங்கி, மறுபடி கிளிஞ்சலாவதுபோல இறுகும்.

இதனால் கரையான் செத்துவிடுமா என்று நேராகவே கேட்டேன். சாகாது என்றார். “மண்ணுக்குள்ள இருக்கிற ராணிக்கு நான் மேல வெள்ளையடிச்சா என்னா?” ஆனால் வெள்ளையடிக்க அறையைக் காலி செய்திருந்தோம். அலமாரி, பீரோ, சுவாமி படம், மூன்று தலைமுறை கண்ட அரிசிக் குதிர் எல்லாம் வாசலில் வெயிலில் கிடந்தன. அப்போதுதான் குதிருக்குப் பின்னால் நூல் கனத்தில் ஒரு புதிய மண்கோடு தெரிந்தது. பெரியவர் நகத்தால் கீறினார். உள்ளே வெள்ளையாக நாலைந்து ஊர்ந்தன. கோடு தரையில் கிளம்பும் விரிசலைக் கண்டுபிடித்து அடைக்கக் கால்மணி நேரம் போதுமாக இருந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன் சாமான்களை வெளியே எடுத்துப்போட்டு அம்மா திட்டிக்கொண்டே தட்டியது இதைத்தான் போலிருக்கிறது. பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று டப்பாவில் போட்டிருந்ததை நம்பி, பன்னிரண்டு வருஷம் நான் அலமாரியை நகர்த்தவில்லை.

கூலியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பெரியவர் மட்டைகளைத் தண்ணீர் வாளியில் போட்டார். ஒன்றை எனக்கு விட்டுப்போவதாகச் சொன்னார். அலமாரியை உள்ளே தூக்கி வைக்கும்போது பழைய வழக்கத்தில் சுவரோடு ஒட்டித் தள்ளினேன்.

“ஒட்டாத. கை நொழையணும்.”

நாலு விரல் தள்ளி வைத்தோம். அவர் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தபோது புறங்கையில் வெள்ளை ஒட்டவில்லை.