எலிவளையும் இடக்காலும்

யாழ்ப்பாணம் – கண்டி நெடுஞ்சாலையோரக் கிராமமாகிய கனகராயன்குளத்தில், மாரி பிறக்குமுன் குளக்கட்டைப் பார்த்துவரும் கமக்காரரின் கண் நிலத்தையே நோக்கியிருக்கும். அவர் தேடுவது எலிவளையை. விரல் நுழையுமளவான துவாரத்தினூடு கசியும் நீர், மண்ணை அரித்துக் கட்டையே உடைத்துவிடவல்லது. வெள்ளத்தில் மண்மூட்டை சுமந்தவரை ஊர் புகழும். கோடையில் வளையை அடைத்தவரை எவரும் நினைப்பதில்லை. உதைபந்தாட்டத் திடலிலும் நிலைமை இதுவே. கோல் அடித்தவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். தவறு நேராது தடுத்த பயிற்றுநரோ கோட்டுக்கு வெளியே நிற்பார்.

அவ்வாறு நின்றவர்களுள் தலையாயவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். பள்ளியாசிரியராயிருந்த அவர், அந்நகரப் பொலிஸ் அணியையும், பின்னர் இந்திய அணியையும் பயிற்றுவித்தார். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், வெறுங்காலுடன் ஆடிப் பழகிய வீரர் பலரைக் கொண்ட இந்திய அணி, வடபுலக் குளிரில் யூகோசிலாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. விதியென்று தள்ளிவிடத்தக்க தோல்வி அது. ஆனால் காரணம் காலடியிலேயே கிடந்தது. அதன்பின் பாதணி கட்டாயமாயிற்று. 1956 இல் மெல்போர்னில் அதே யூகோசிலாவியாவை அரையிறுதியில் சந்தித்த இந்தியா, முதற் கோலைத் தானே அடித்து, இறுதியில் 4-1 எனத் தோற்றது. தோல்வி தோல்விதான், எனினும் இரண்டுக்குமிடையேயுள்ள தூரம் பெரிது.

ரகீமின் நுண்ணோக்கு வெளிப்பட்ட இடம் பயிற்சிக்களமே. வலக்காலுக்கே பழகியவன், இடப்புறம் வந்த பந்தை வலக்காலுக்கு மாற்ற உடலைத் திருப்புவான். அந்தக் கணமே எதிரிக்குப் போதும். போட்டியன்று அவனை ஏசிப் பயனென்ன? ஆகவே, பலங்குறைந்த காலால் மட்டுமே உதைக்க வேண்டுமென்ற விதியுடன் அவர் போட்டிகள் நடத்தினார். பந்தைத் தானே உருட்டிச் செல்லாது உடனுக்குடன் பிறருக்குக் கடத்த வேண்டிய போட்டிகளும் நடந்தன. பார்த்தவர்கள் சிரித்திருக்கவுங்கூடும். தவறு செய்தவனைத் திருத்துவதினும், அத்தவறு பிறக்கும் பழக்கத்தைக் கண்டறிவது அரிது. ஆசிரியத் தொழில் அவருக்குத் தந்த கண் அதுவெனலாம்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் முதலாட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. தலையில் தையலிடப்பட்டிருந்த பின்கள வீரர் ஜர்னைல் சிங்கை ரகீம் முன்களத்தில் நிறுத்தினார். இறுதியாட்டத்திற் கோல் காப்பதற்கு, நெடிதுயர்ந்த பீற்றர் தங்கராஜை மீண்டும் அழைத்தார். எதிரே அதே தென்கொரியா. சுற்றிலும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட பெருங்கூட்டம். பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் அடித்த கோல்களால் 2-1 என வெற்றி கிட்டியது.

அப்போதே புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. 1963 ஜூனில் ரகீம் காலமானார். ஆசிய விளையாட்டு விழாவின் உதைபந்தாட்டத் தங்கம் அதன்பின் இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை.