லேயின் பச்சைச் செங்கல்

2010 ஆகஸ்ட் 5 இரவு லடாக்கின் லே நகரின் மேல் மேகம் உடைந்து கொட்டியது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று மண் வீட்டின் மேல் விழுந்த பழி இன்றுவரை நீங்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், ஆண்டு முழுவதும் சேர்த்தாலே சுமார் 100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் அது. அந்த வறட்சியை நம்பித்தான் பல நூறு ஆண்டுகளாக மண்ணால் கட்டினார்கள். ஒரே இரவில் அந்த நம்பிக்கை போய்விட்டது. மண் கரையும், சிமெண்ட் நிற்கும் என்பது இப்போது அங்கே பொதுப்புத்தி. பழைய நகரின் சந்துகளிலும் சிந்து நதிக்கரைக் கிராமங்களிலும் மண் வேலை நடப்பதைப் பார்த்தபோது, பழி ஆள் மாறி விழுந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது. மண் வேலையை மழையால் தோற்கடிக்க முடியவில்லை. அதைத் தோற்கடித்துக்கொண்டிருப்பது கூலிக்கணக்கு.

வேலையை முதலில் பார்த்துவிடலாம். செங்கல் களத்தில் சூளை இருக்காது, புகை இருக்காது. மண்ணைக் குழைத்து மர அச்சில் அடித்து, தரையில் வரிசையாகக் கவிழ்த்துவிட்டு வெயிலுக்கு விடுகிறார்கள். மற்றதை அந்த உயரத்து வெயிலும் வறண்ட காற்றும் பார்த்துக்கொள்கின்றன. நாம் பச்சைச் செங்கல் என்று சொல்லும் இதற்கு அங்கே பெயர் பக்பு. கடைக்காலும் அடிச்சுவரும் கல்லால் எழும். அதற்கு மேல்தான் பக்பு, இடையில் மண்சாந்து. தரையிலிருந்து ஏறும் ஈரமும் சுவரோரம் தேங்கும் பனியும் பச்சைச் செங்கலைத் தொடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கூரைதான் இந்த வேலையின் உச்சம். நெட்டிலிங்கத்தை ஒத்த பாப்லர் மரத்தின் தண்டுகளை உத்திரமாகப் போட்டு, குறுக்கே வில்லோ குச்சிகளை நெருக்கமாக அடுக்கி, மேலே புல்லோ புதர்ச் செடியோ பரப்பி, அதன் மேல் மண்ணைக் கொட்டி மிதிக்கிறார்கள். கடைசிப் பூச்சுக்கு மார்க்கலக் என்ற களிமண். நீரை எளிதில் உள்ளே விடாத மண் அது. எந்த மண்ணில் எவ்வளவு களி இருக்கிறது, எவ்வளவு மணல் சேர்த்தால் வெடிப்பு விடாது என்பதை மேஸ்திரி கையில் உருட்டிப் பார்த்தே சொல்லிவிடுகிறார். இதற்கு அளவுக் குறிப்பு எழுதி வைக்க முடியாது, ஏனென்றால் ஒரு கிராமத்து மண் அடுத்த கிராமத்தில் கிடைக்காது. ஆற்றோரம் மரம் வளர்ப்பதும் இந்தத் தொழிலின் பகுதிதான். பாலைவனத்தில் தானாக உத்திரம் முளைக்காது. யாரோ ஒருவர் நட்டு, வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சிப் பல ஆண்டுகள் காத்திருந்தால்தான் ஒரு கூரை உண்டு.

இத்தனையும் செய்து முடித்தாலும் வீடு முடிந்ததாகாது. குளிர்காலத்தில் பனி விழுந்தால் உருகும் முன் கூரையிலிருந்து தள்ளிவிட வேண்டும். வெடிப்புக்கு மண் பூச வேண்டும், மார்க்கலக்கைப் புதுப்பிக்க வேண்டும். அதாவது மண் வீட்டின் ஆயுள் அதைக் கட்டியவரிடம் பாதியும் அதில் குடியிருப்பவரிடம் பாதியும் இருக்கிறது. இதற்கு லே அரண்மனையை விடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. 17-ஆம் நூற்றாண்டில் மன்னர் செங்கே நம்கியால் காலத்தில் எழுந்த ஒன்பது மாடிக் கட்டடம் அது, கல்லும் மண்ணும் மரமும் மட்டுமே. 1834-இல் ஜோராவர் சிங்கின் டோக்ரா படை வந்த பிறகு அரச குடும்பம் ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் ஸ்டோக்குக்குக் குடிபெயர்ந்தது. படையெடுப்பில் ஏற்பட்ட சேதத்தோடு, குடியிருக்க ஆளில்லாத சேதமும் சேர்ந்துகொண்டது. கூரைகள் உள்வாங்கின. ஆனால் சாய்ந்து எழும் அந்தத் தடித்த சுவர்கள் இன்றும் ஊரைப் பார்த்தபடி நிற்கின்றன, தொல்லியல் துறை மராமத்து செய்துவருகிறது. அதன் காலடியில் இருக்கும் முன்ஷி வீடு இன்னொரு விதமான சாட்சி. சிதைந்து கிடந்த அதை லடாக் கலை, ஊடக அமைப்பு பழைய முறையிலேயே செப்பனிட்டுக் கலை மையமாக்கியது. ஆள் புழங்கத் தொடங்கியதும் வீடு பிழைத்துக்கொண்டது.

2010-இல் மண் வீடுகள்தானே இடிந்தன என்று கேட்பார்கள். இடிந்தன, மறுக்க முடியாது. பச்சைச் செங்கல் வெள்ளத்தில் நின்றால் சேறாகும். ஆனால் எங்கே இடிந்தன என்று பார்க்க வேண்டும். அரண்மனையும் பழைய மடங்களும் மேட்டில், பாறையின் முதுகில் இருக்கின்றன. முன்னோர் நல்ல நிலத்தை உழவுக்கு விட்டு, ஓடைப் பாதையை விட்டு விலகி வீடு கட்டினார்கள். அன்றிரவு பேரழிவு நேர்ந்த சோக்லம்சர், ஊரின் பேருந்து நிலையப் பகுதி போன்ற இடங்கள் பெரும்பாலும் பிற்காலத்தில் தாழ்வான நிலத்தில் விரிந்தவை. மலையிலிருந்து பாறையும் சேறுமாக வந்தது, மண்ணா சிமெண்டா என்று பார்த்து அடிக்கவில்லை. மாவட்ட மருத்துவமனைக்குள் சேறு புகுந்தது, தொலைபேசி நிலையம் செயலிழந்தது. அவை பச்சைச் செங்கல் குடிசைகள் இல்லை. ஓடையில் வீட்டு மனை போட்டுக் கொடுத்தவர்கள் தப்பித்தார்கள், மண் மாட்டிக்கொண்டது என்பதே என் தீர்ப்பு.

மழையின் போக்கு மாறிவிட்டதே, இனியும் பழைய கூரை தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. பழைய கூரை அப்படியே போதாது என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. சுவரின் தலையை மூட வேண்டும், கூரை விளிம்பை வெளியே நீட்ட வேண்டும், தண்ணீர் சுவரில் வழியாமல் தூம்பு வழியே தள்ளி விழ வேண்டும். இவை தொழிலைத் திருத்தும் வேலைகள். தொழிலைக் கைவிடுவதற்கான காரணங்கள் ஆகா. நிலநடுக்கத்துக்கும் இதே பதில்தான். ஷேயில் உள்ள ட்ருக் வெண்தாமரைப் பள்ளியில் வெளியே கல்லும் உள்ளே பச்சைச் செங்கல்லும் வைத்துக் கட்டி, கூரையைத் தாங்க சுவரைச் சாராத மரச் சட்டகம் நிறுத்தியிருக்கிறார்கள். ‘த்ரீ இடியட்ஸ்’ படத்தில் வந்ததால் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடம் அது, ஆனால் அவர்கள் அந்த மரச் சட்டகத்தை நிமிர்ந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. குளிரை எடுத்துக்கொண்டால் சிமெண்டின் பக்கம் வாதமே இல்லை. குளிர்காலத்தில் லேயில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை போகும். மெல்லிய கான்கிரீட் சுவர் அந்தக் குளிரை அறைக்குள் அழைத்துவருகிறது. தடித்த மண் சுவரோ பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடுக்கிறது. ஃபே கிராமத்தில் செக்மோல் அமைப்பின் வளாகம் மண்ணை இடித்துக் கெட்டித்த சுவர்களால் ஆனது, தெற்கு வெயிலை உள்ளே வாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 2016-இல் மண் கட்டடக் கலைக்கான சர்வதேச டெர்ரா விருது அதற்குக் கிடைத்தது.

அப்படியென்றால் ஏன் எல்லோரும் சிமெண்டுக்குப் போகிறார்கள்? இங்குதான் உண்மையான எதிர்வாதம் இருக்கிறது, அதற்கு அழகியல் பேசிப் பதில் சொல்ல முடியாது. மண் மலிவு, ஆனால் மண் வேலை மலிவில்லை. முன்பு ஒரு வீட்டுக் கூரைக்கு அக்கம்பக்கத்தார் வந்து மிதித்தார்கள், அடுத்த வீட்டுக்கு இவர்கள் போனார்கள். கையில் காசு மாறவில்லை. 1974-இல் லடாக் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்ட பிறகு சுற்றுலா வளர்ந்தது. அதுவும் ராணுவமும் அரசு வேலையும் சேர்ந்து ஊர் இளைஞர்களின் கோடையை விலைக்கு வாங்கிவிட்டன. கட்டடம் கட்டவும் மண் பூசவும் ஏற்ற மாதங்களும், விருந்தினர் வரும் மாதங்களும் ஒன்றே. வேலைக்கு பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்கள் கைத்திறனில் குறைவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததும் அவர்களிடம் எதிர்பார்க்கப்படுவதும் கான்கிரீட். மார்க்கலக்கை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய மூத்த மேஸ்திரிகள் அந்தக் களத்தில் இல்லை. ஜோஜிலா கணவாய் ஏறி லாரியில் வரும் சிமெண்ட் விலை அதிகம்தான். இருந்தாலும் ஒருமுறை செலவழித்துவிட்டு மறந்துவிடலாம் என்ற வசதி அதற்கு உண்டு, அல்லது அப்படி நம்பிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஆள் தேடும் சிரமத்தோடு ஒப்பிட்டால் ஒரு குடும்பம் சிமெண்டைத் தேர்ந்தெடுப்பதை நான் குறைசொல்ல மாட்டேன்.

பாதுகாப்புப் பணிகள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். உலக நினைவுச் சின்ன நிதியம் 2008-இல் லே பழைய நகரை ஆபத்திலுள்ள 100 இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே திபெத் பாரம்பரிய நிதியம் அங்கே வேலை தொடங்கி, வீடுகளைச் செப்பனிட்டதோடு உள்ளூர்க் கைவினைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. இரண்டில் எதற்குக் கைதட்டல் அதிகம் கிடைத்தது என்று சொல்லவேண்டியதில்லை. செப்பனிட்ட வீட்டைப் படம் எடுக்கலாம், பயிற்சி பெற்ற கையை எடுக்க முடியாது. ஆனால் அந்தக் கைக்கு அடுத்த கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும் கூலி கிடைக்க ஏற்பாடு இல்லையென்றால், செப்பனிட்ட கூரையும் மீண்டும் ஒழுகும். 2019-இலிருந்து லடாக் ஒன்றிய ஆட்சிப் பகுதி. அங்கே எழும் ஒவ்வொரு அரசுக் கட்டடத்திலும் ஒரு பங்கை மண்ணால் கட்டி, அதன் ஆண்டுப் பராமரிப்புக் கூலியையும் மதிப்பீட்டிலேயே எழுதிவிட்டால், மேஸ்திரி மகனுக்கு இந்தத் தொழிலில் நிற்க ஒரு காரணம் கிடைக்கும்.

நம் ஊரிலிருந்தும் கோடையில் மோட்டார் சைக்கிளிலும் விமானத்திலும் லேக்குப் போகிறவர்கள் உண்டு. அறை எடுக்கும் முன் சுவர் எதனால் ஆனது என்று கேளுங்கள். மண் வீட்டில் வாடகைக்கு இடம் விடும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. நீங்கள் கொடுக்கும் வாடகையில் கூரை மிதிக்கும் ஆளுக்கும் ஒரு பங்கு போகும்.