டோகோன் பூட்டு

டோகோன் மக்கள்னாலே பலருக்கும் ஞாபகம் வர்றது முகமூடியும் சிரியஸ் நட்சத்திரமும்தான். நட்சத்திரக் கதையை ஏலியன் ஆர்வலர்களுக்கே விட்டுடலாம் :-) எனக்குப் பிடிச்சது அவங்களோட மரப்பூட்டு.

மேற்கு ஆப்பிரிக்காவுல மாலி நாடு. அங்கே சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு செங்குத்தான மணற்பாறை, பேரு பாண்டியாகரா. (பேரைப் பார்த்துட்டு நம்ம பாண்டிய மன்னர்தான்னு யாரும் கிளம்பிடாதீங்க!) அந்தப் பாறையை ஒட்டித்தான் டோகோன் ஊர்கள். 1989ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. முக்கிய விளைச்சல் கம்பு. மழை கம்மி. அதனால ஊர்ல பார்த்துப் பார்த்துக் கட்டறது தானியக் குதிரைத்தான். மண் சுவர், கூம்பு மாதிரி கூரை, சின்னதா ஒரு மரக்கதவு. கதவுல மனுஷ உருவங்கள், முதலை, ஆமைன்னு செதுக்கியிருப்பாங்க. அதுல ஒரு மரப்பூட்டு.

பூட்டு வேலை செய்யற விதம் ரொம்ப எளிமை. தாழ்ப்பாள் கட்டையில துளைகள் இருக்கும். மேலே இருக்கற சின்னக் கம்பிகள் தன் எடையாலேயே துளைக்குள்ள விழுந்து தாழ்ப்பாளைப் பிடிச்சுக்கும். சீப்பு மாதிரி பல் வெச்ச சாவியை உள்ளே விட்டுத் தூக்கினா கம்பி மேலே போகும், தாழ்ப்பாள் நகரும். ஒரு ஸ்பிரிங் மட்டும் சேர்த்துக்கிட்டா நம்ம வீட்டுக் கதவுப் பூட்டோட தத்துவமும் இதேதான்.

பாஸ்வேர்டு, லாகின்னு ஆணி புடுங்கற எனக்கு உடனே தோணின கேள்வி: கோடாலியால ஒரு போடு போட்டா உடைஞ்சுடுமே? உடையும்தான். ஆனா பூட்டு மேல ஆணும் பெண்ணுமா உட்கார்ந்திருக்கறது முன்னோர்கள். திருட வர்றவன் அவங்களைத் தாண்டித்தான் உள்ளே போகணும். பெண்களுக்குன்னு தனிக் குதிர் உண்டு. புருஷனே ஆனாலும் அவங்களைக் கேக்காம திறக்கக்கூடாது. ஆக, அந்தப் பூட்டோட பலம் மரத்துல இல்லை, ஊர் ஒத்துக்கிட்ட ஒரு பேச்சுல இருக்கு.

இதைச் செதுக்கறவர் கொல்லர். மண்வெட்டி அடிக்கறதும் அவரே. கொல்லர்கள் தனிச் சாதி, உழவர் வீட்டோட பொண்ணு கொடுத்து எடுக்கற வழக்கம் கிடையாது. ஆனா அவர் இல்லாம உழவும் இல்லை, சிலையும் இல்லை.

1931ல மார்செல் கிரியோல் தலைமையில பிரெஞ்சு ஆய்வுக் குழு வந்துச்சு. சில சாமி பொருள்களைத் திருடித்தான் எடுத்தோம்னு குழுவுல இருந்த மிஷேல் லெரிஸே எழுதி வெச்சிருக்கார். அப்புறம் வியாபாரிகள் வந்தாங்க. பூட்டும் கதவும் காசாச்சு. பஞ்ச காலத்துல வீட்டுல இருந்ததை விக்காம என்ன செய்வாங்க?

2012ல மாலியில போர் தொடங்கினதும் சுற்றுலாவும் படுத்துடுச்சு. அப்புறம் டோகோன், ஃபுலானி மக்களுக்கு நடுவுல ரத்தக்களரி. 2019 மார்ச்ல ஃபுலானி ஊரான ஒகோசாகுல படுகொலை, ஜூன்ல டோகோன் ஊரான சோபானே தாவுல. வீடுகளோட குதிர்களும் எரிஞ்சது. முன்னோர்களைத் தாண்டத் தயங்காதவங்களுக்கு முன்னாடி மரப்பூட்டு என்ன செய்யும்?

பாரீஸ், நியூயார்க் அருங்காட்சியகங்கள்ல கண்ணாடிக்குப் பின்னாடி டோகோன் பூட்டுகள் பத்திரமா இருக்கு. எங்கேயாவது பார்த்தீங்கன்னா, வேலைப்பாட்டை ரசிங்க, தப்பில்லை. அது யார் வீட்டுக் கம்பைக் காத்துச்சுன்னும் ஒரு நிமிஷம் யோசிங்க.